புளிக்களத்து வாசகிகள்

கொடுப்பதற்கும் சம்பளம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வசவு வாங்குவதற்கும் சம்பளம் என்று ஒரு வேலை உண்டென்றால் அது நூலக வேலைதான். கிளை நூலகத்தில் ஒரு மாதமாவது உட்கார்ந்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும். விடுங்கள், நானும் விட்டவள்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில், காவலூருக்குச் சற்று இந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. சொந்த ஊர் அடிவாரத்துப் படவேடு. போளூர் போய் மலை பஸ் பிடிக்க வேண்டும், பஸ்ஸும் மனசு வைத்தால்தான் வரும். அதனால் குள்ளம்மா என்ற விவசாயி வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அவர் வீட்டின் முன்னறைதான் நூலகம். நூலகத்துக்கு வாசல் எதுவோ, ஊருக்குப் புளி காயவைக்கும் களம் அதுவே. குடும்ப நாவல், சமூகப் பிரச்சினை நாவல், வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகங்கள், இவைதான் என் முக்கியச் சரக்கு. ஊரில் எனக்குப் ‘புக்கம்மா’ என்று பெயர். என் சொந்தப் பெயர் விஜயா என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மலை ஏறிய அதே சமயத்தில் கீழே எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சேகர், செங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவருடைய அம்மா நகையோடு ஒரு ஸ்கூட்டரும் கேட்டுவிட்டார். கிணற்றோரக் கரும்புக் கொல்லையை விற்றுவிடுவது என்று அப்பா தீர்மானித்துவிட்டார். எங்களிடம் தண்ணீர் பாய்கிற நிலம் அது ஒன்றுதான். “விக்காதீங்கப்பா” என்று கெஞ்சினால், “நீ போய் உன் புத்தகத்தைப் பாரு” என்பார். சரியென்று புத்தகத்தைப் பார்த்தேன். பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிசுக்கு

மாசி, பங்குனி வந்தால் ஊர் முழுக்கப் புளிதான். பெண்கள் களத்தில் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். குள்ளம்மாவின் மருமகள் லட்சுமி எட்டாவது வரை ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவள் நடுவில் உட்கார்ந்து நாவல் வாசிப்பாள். வாசிக்கிறவள் புளியைத் தொட வேண்டாம், அவள் பங்கை மற்றவர்கள் செய்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் ஒரு படம் வந்துவிட்டால் போதும், புத்தகம் கைக்குக் கை மாறி வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லட்சுமியிடம் திரும்பும்.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்தார். ஒரு நாவலைப் பிரித்தார், நாலு பக்கம் ஒன்றாக வந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதில் எறும்பும் இருந்தது. பிறகு வரிச் சட்டம், தொழிற்சாலை நிர்வாகம் என்று மேல்தட்டில் இருந்த கனமான புத்தகங்களைத் தட்டிப் பார்த்தார். அவை வந்த அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இந்தச் சுத்தமான புத்தகத்தை எல்லாம் கட்டி வைம்மா, வேற ஊருக்கு அனுப்பிடலாம். உனக்கு ஒட்டுற மாதிரி புத்தகமா இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பறேன்.”

முன்னேற வழி

பக்கத்துக் கொல்லை ராமசாமிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். “நான் படிக்கற மொத புக்கு, நல்லதா குடு புக்கம்மா” என்று கேட்டார். வாழ்க்கையில் உயர்வது எப்படி என்று பத்து வழிகள் சொல்லும் புத்தகம் ஒன்றைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் ஆளையே காணோம். பிறகு ஒரு காலை, சாமைக் கொல்லைக்குப் போகிற வழியில் வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். முகம் சரியில்லை.

“சூரியன் வர்றதுக்கு முன்ன எழுந்துக்கணுமாம். பச்சத் தண்ணியில குளிக்கணுமாம். தெனம் ரொம்ப தூரம் நடக்கணுமாம். வயிறு முட்டத் துன்னக் கூடாதாம்” என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார். “ஆமாங்க, அருமையான வழியாச்சே” என்றேன். நான் அன்றைக்கு எழுந்ததே ஏழு மணிக்கு என்பது வேறு விஷயம். அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

“இதெல்லாம் செஞ்சா பெரிய ஆளாவலாம்னா, எங்க ஊர்ல ஆடு மேய்க்கறவன்லேர்ந்து அல்லாருமே கலெக்டரா ஆயிருக்கணுமே, ஏன் ஆவல?”

மழை மாதத்து இல்லறம்

காவலூரில் பெரிய தொலைநோக்கிகள் வைத்து வானத்தைப் பார்க்கிறார்களே, அங்கே வேலை செய்த ஒருவர் எங்கள் ஊரில் குடியிருந்தார். ராத்திரியெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். தம்பதிகள் ஒற்றுமையாக வாழ்வது பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் போனார். தினமும் மனைவியோடு மனம்விட்டுப் பேச வேண்டும் என்று அதில் முதல் பாடம். அவருக்கோ மனைவி விழித்திருக்கும்போது தூக்கம், அவர் விழித்திருக்கும்போது மனைவிக்குத் தூக்கம். பாவம், புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி வந்தது. வானம் மூடிக்கொண்டது. மேகத்தை எந்தத் தொலைநோக்கி ஊடுருவும்? வேலை குறைந்து மனுஷர் வீட்டோடு இருந்தார். இரண்டாவது வாரம் அவர் மனைவி குடையோடு நூலகத்துக்கு வந்தார். புத்தகத்தைத் திருப்பித் தந்து, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மழ நிக்கற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வர்ற மாதிரி எதனா புக்கு இருந்தா குடுங்கம்மா, வாய ஓயாம பேசறாரு.”

நாவலில் இல்லாத கோழிக்குழம்பு

லட்சுமி வாசிக்கிற நாவல்களில் வரும் மாமியார்கள் எல்லாம் ஆரம்பத்தில் கெட்டவர்களாக இருந்து கடைசியில் திருந்துகிறவர்கள். குள்ளம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவரைப்போல ஒருவரைப் பார்க்க முடியாது. ஒருநாள் அவர் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். “இதுல மாமியாக்காரி திருந்தனப்புறம், மருமவளுக்குக் கோழி அடிச்சி, மொத துண்டு அவளுக்கே போட்டுச்சாம். வாரா வாரம் அம்மா வூட்டுக்கும் அனுப்பிச்சாம். எங்க இருக்குது, படிச்சிக் காட்டு” என்றார்.

கடைசி அத்தியாயத்தைத் தேடினேன். மாமியார் திருந்தியிருந்தாள், கண்ணீர் விட்டிருந்தாள், அவ்வளவுதான். கோழி இல்லை. அம்மா வீடும் இல்லை. கதவுக்குப் பின்னால் லட்சுமி என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்க, குள்ளம்மா திரும்பிப் பார்க்காமலேயே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் கோழிக்குழம்பு வாசனை வந்தது. பரிமாறும்போது மருமகள் தட்டில் முதல் துண்டைப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: “புக்குல இல்லாட்டி இன்னா, இவ சொல்ற கதையே நல்லாத்தான் இருக்குது.”

அச்சுப் பிழை

ஒட்டுகிற புத்தகங்கள் இரண்டு பெட்டி வந்தன அல்லவா, அதில் ஒன்று வரதட்சணைக் கொடுமை பற்றிய நாவல். அழுது தீர்க்க வேண்டிய கதை. லட்சுமி வாசிக்க ஆரம்பித்தாள். கதாநாயகியின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் பணம் கொடுப்பதற்காக நிலத்தை விற்கிறார் என்ற இடம் வந்ததும் புளி உடைக்கிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன. மலையில் பரியம்தான் வழக்கம். பெண் கேட்டு வருகிறவன்தான் பெண் வீட்டுக்குத் தானியமும் ஆடும் பணமும் கொடுக்க வேண்டும். “மாத்தி அச்சடிச்சிட்டாங்க, நீ திருப்பிப் படி” என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன்பிறகு லட்சுமி திருப்பித்தான் படித்தாள். பையனின் அப்பா நிலத்தை விற்றார், பரியம் கொடுத்தார், எல்லோரும் அவருக்காக உச்சுக் கொட்டினார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கல்யாணமாகி வந்த பெண்ணை மாமியார் அடிக்கிற இடம் வரைக்கும். “அவ்ளோ பரியம் குடுத்துக் கூட்டியாந்த பொண்ண எவளாவது அடிப்பாளா? கதை எழுதனவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” என்று களமே கொந்தளித்தது. வழக்கு என்னிடம் வந்தது.

நான் உண்மையைச் சொன்னேன். அச்சு சரிதான், கீழே அப்படித்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. அதனால் என் கதையையே சொல்ல வேண்டியதாயிற்று. செங்கத்து மாப்பிள்ளை, அவர்கள் கேட்ட ஸ்கூட்டர், அப்பா விற்கப் போகிற கொல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டேன். குள்ளம்மா புளிக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் முதுகைத் தடவினார். பிறகு ரொம்பக் கவலையோடு கேட்டார்:

“ஏன் கண்ணு, அந்தப் புள்ளைக்கு நடக்க வராதா?”

மாப்பிள்ளை வீட்டார் மலை ஏறியது

பங்குனிக் கடைசியில், பெண் வேலை பார்க்கிற இடம் எப்படி என்று பார்த்துவிட்டுப் போக மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். கூடவே அப்பா. கொல்லையை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது, பத்திரம் எழுத வேண்டியதுதான் பாக்கி என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என் காதில் சொன்னார். குள்ளம்மா வந்தவர்களைக் களத்திலேயே பாய் விரித்து உட்காரவைத்தார். தேனும் சாமைச் சோறும் வந்தன. புளி உடைக்கிற பெண்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. கதைக்கு உட்காருகிற மாதிரி வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டு, மலைத்தேனைப் பாராட்டி, “அப்ப நாளு குறிச்சிடலாம்” என்று ஆரம்பித்தார்.

“குறிச்சிடலாம்மா” என்றார் குள்ளம்மா, அவ்வளவு மரியாதையாக. “பரியம் இன்னா கொண்டாந்தீங்க?” அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. லட்சுமி கணீரென்று விளக்கினாள். குள்ளம்மா தொடர்ந்தார். “பொண்ணு போய்ட்டா அந்த வூட்ல ஒரு ஆளு கொறையுது. உங்க வூட்ல ஒரு ஆளு கூடுது. அப்ப யாருங்க குடுக்கணும்? எங்க வூட்ல தங்கியிருக்கற பொண்ணு, நான் கேக்காம யாரு கேப்பாங்க? மூணு மூட்டை தானியம், ரெண்டு ஆடு, பொண்ணோட அம்மாவுக்குப் பொடவை. புக்கம்மா சம்பாதிக்கற பொண்ணு, அதனால ஒரு மாடும் சேத்துக்குங்க.” ஒரு பெண், மாடு கறவையாக இருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து திருத்தம் சொன்னாள். அப்பா தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் போயிற்று என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த நேரத்தில்தான் அதுவரை வாயே திறக்காத வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். “அம்மா, இவங்க கணக்கு நியாயமாத்தான இருக்குது? எனக்கு ஸ்கூட்டர் ஓட்டவும் தெரியாது” என்றார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. போட்டோவில் பிடித்ததெல்லாம் சும்மா.

மாப்பிள்ளையின் அம்மா வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அத்தனை பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள், வேடிக்கைக்காக அல்ல, நிஜமாகவே. பஸ் வந்து ஏறுகிற வரைக்கும் அந்த அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். நாங்களும் போச்சு என்றுதான் நினைத்தோம். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி அப்பாவிடம் சொன்னார்: “சம்பந்தி, ஸ்கூட்டரும் வாணாம், ஒண்ணும் வாணாம், கொல்லைய விக்காதீங்க. அந்தம்மா மாடு ஓட்டியாரச் சொல்றதுக்குள்ள பொண்ண அனுப்பி வெச்சிடுங்க.”

வைகாசியில் படவேட்டில் கல்யாணம். அப்பா கரும்புக் கொல்லையை ஒட்டியே பந்தல் போட்டார், களத்துப் பெண்கள் அத்தனை பேரும் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

புத்தகம் வாழ்க்கையை மாற்றும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர்கள், தலைகீழாகப் படித்தால் இன்னும் சீக்கிரம் மாற்றும் என்பதை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.