பெரிய திரையில் தெரிந்த வலை

கல்லடி ஊர் மீனவர் ஒருவர் வாவியில் தோணியிலிருந்தபடி வலை இழுத்து மீன் கழற்றுவதை ஒரு காலையில் படம் பிடித்தேன். ஒன்பது நிமிடம், பேச்சில்லை, இசையில்லை. யூடியூப்பில் போட்டேன். ஆறு மாதமாகப் பார்த்தவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். பிறகு பல்கலைக்கழகக் கலைக் கண்காட்சிக்கு அதைத் தெரிவுசெய்தார்கள். ஓவியங்களோடு இணையக் காணொளிக்கும் அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

தொடக்க நாளன்று பெரிய திரையில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். வெயிலில் வலை கண்ணாடிபோல் மின்னியது. தங்கூசி வலை, ஒற்றை நைலான் இழையில் பின்னியது. தடைசெய்யப்பட்டது, பிடிபட்டால் வலை போகும், வழக்கு வரும். பத்திரிகையில் இருந்த காலத்தில், இதனால் யாருக்குக் கேடு என்று பார்க்காமல் ஒரு படத்தையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இதைக் கைபேசியிலேயே எடுத்து, கைபேசியிலேயே வெட்டி, கைபேசியிலேயே பார்த்திருந்தேன்.

சற்று நேரத்தில் அந்த மீனவர் மனைவியோடு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்: மீன்பிடி அதிகாரி.

குனிந்து சொன்னேன். "அண்ணன், வலை தெரியுது. நிப்பாட்டச் சொல்லவா?"

"ஆறு மாசமாக் கிடக்கிற வீடியோதானே தம்பி. ஒருத்தனும் கேக்கல்லையே."

"அது விரலளவு. இது சுவரளவு."

மனைவி என் கையைப் பிடித்தார். "நிப்பாட்டுங்க தம்பி. இவருக்குத் தன்ட மூஞ்சியப் பெரிசாப் பாக்கோணும், அவ்வளவுதான்."

"சும்மா இரி," என்றார் அவர். "வந்த சனம் சிரிக்கும்."

விளக்குகள் அணைந்தன. நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

ஒன்பது நிமிடமும் அதிகாரியின் பிடரியைத்தான் பார்த்தேன். வலை மேலே வந்தபோது அது ஒருமுறை முன்னால் சாய்ந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி திரும்பி அவருக்குக் கைகொடுத்தார். "நல்ல படம். இண்டைக்கு நான் படம் பாக்கத்தான் வந்தன்." குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை வாவிக்கு வருவன்."

"வாங்க சேர்," என்றார் அவர். கையை எடுக்க முடியவில்லை. அதிகாரி இன்னும் பிடித்திருந்தார்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னார்: "அத அழிச்சிருங்க தம்பி. அது இல்லாட்டி மறுகா என்னத்தக் காட்டிக் கேப்பாங்க?"

"ஓம் அக்கா," என்றேன். செங்கலடியில் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு, அழிப்பதற்காகவே கைபேசியை எடுத்தேன். விரிவுரையாளர் ஒருவரின் செய்தி கிடந்தது. கொழும்பிலும் திரையிட அனுமதி கேட்டிருந்தார். உங்கள் கலைப்படைப்பு என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் தோணி இறக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் இறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். காணொளி இன்னும் இருக்கிறது. அக்கா அழைக்கும்போதெல்லாம், மணி அடித்து ஓயும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.