மூச்சடக்கத் தெரிந்த சாக்ஸபோன்காரன்

சுவிசேஷமுத்துவை யாராவது நல்ல நடிகர் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்தாறு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவன் நான், பக்தவச்சலம். அவன் ஜாஸ் வாசிக்கிறவன். மற்றதெல்லாம் சோற்றுக்கு.

பம்மலில் பிறந்தவன். அப்பா சர்ச்சுக்கும் சாவுக்கும் கிளாரினெட் வாசித்தவர். இவன் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டே, பழைய கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு சாக்ஸபோனைத் தானாகக் கற்றான். ஒரு பாட்டை எடுத்தால் எழுதி வைத்தபடி வாசிக்க மாட்டான். நடுவில் எங்கேயோ இறங்கிப் போய்விடுவான், நான் பின்னாலேயே ஓட வேண்டும். கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எதிரே இருப்பவன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்பான். அதற்காக இவன் ஒரு நாளும் குறைத்து வாசித்ததில்லை.

நடிப்பு தற்செயலாக வந்தது. ஒரு டிவி சீரியலில் கல்யாணக் காட்சிக்கு வாசிக்கப் போயிருந்தோம். அன்றைக்கே அங்கே ஒரு சாவுக் காட்சியும் எடுத்தார்கள், பிணமாகப் படுக்க வந்த ஆளுக்கு நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் படுக்கிறேன் என்று முத்து போய்ப் படுத்தான். ஒன்றரை நிமிடம் அசைவில்லை. சாக்ஸபோன்காரனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? அதன்பின் தாம்பரம் பக்கம் எந்த பங்களாவில் சீரியல் எடுத்தாலும் செத்துப்போகிற பெரியப்பா அவன்தான். மாலை போட்ட அவன் போட்டோ வந்தால் அவன் மனைவி ஜெயஸ்ரீ டிவியை அணைத்துவிடுவாள்.

மூன்று வருஷம் முன்னால் நெஞ்சில் சளி கட்டி இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, இனி ஊதக்கூடாது என்றார் டாக்டர். ஹோட்டல் வாசிப்பு போயிற்று. முடிச்சூர் வீட்டு மொட்டை மாடியில் தினம் காலையில் இரண்டே நிமிடம் ஊதுவான். அவனே கட்டிய மெட்டு ஒன்று. அதற்கு மேல் மூச்சு நிற்காது. போனில் பதிவு செய்து தரட்டுமா என்றேன். கொசு கத்துகிற மாதிரி கேட்கும், வேண்டாம் என்றுவிட்டான். ஆனால் அது ஒழுங்காக ஒரு தடவை பதிவாகாமல் போய்விடுமே என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே குறை.

அப்போதுதான் தமிழினி வந்தாள். முதல் படம் எடுக்கிற பெண். கதையில் ஒரு வயதான சாக்ஸபோன்காரர் கடைசியாக ஒருமுறை வாசித்துவிட்டுச் சாகிறார். டப்பிங் கிடையாது, உங்கள் மெட்டையே வாசியுங்கள், அங்கேயே பதிவு செய்துகொள்கிறேன் என்றாள். முத்து அன்றைக்கு அழுதுவிட்டான். நுரையீரல் விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். நானும் தலையாட்டினேன், மடையன்.

சினிமாவில் எதையும் வரிசையாக எடுப்பதில்லை என்று ஊருக்கே தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. காலை வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சாவை முதலில் வைத்தார்கள். மகளாக நடித்த பெண்ணுக்கு அழுகை வரவில்லை. ஒன்பது டேக். ஒன்பது தடவையும் அவன் மூச்சைப் பிடித்தான். உதடு நீலம் பாரித்தது. மேக்கப் பிரமாதம் என்றார் ஒருவர். எனக்குப் பயம் வந்துவிட்டது. குனிந்து, சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சும்மா கெட. சொன்னியானா ஊத வுடமாட்டாங்க."

பிணமாக நடித்தவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைப்பது வழக்கம், தோஷம் கழியட்டும் என்று. சிரித்தான். சிரிப்பு இருமலாகிச் சாப்பாட்டு நேரம் முழுக்க நிற்கவில்லை.

மதியம் சாக்ஸபோனை எடுத்தான். முதல் நாலு சுரம் வந்தது. பிறகு வெறும் காற்று. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊதினான். காற்றுதான். விரல்கள் மட்டும் மெட்டை விடாமல் கடைசி வரை போயின. விரலைப் பார்த்தே எனக்கு அது கேட்டது. வேறு எவனுக்குக் கேட்டிருக்கும்? முடிந்ததும் வாத்தியத்தை மடியில் வைத்துத் தலை குனிந்தான்.

எல்லோரும் கை தட்டினார்கள். தமிழினி ஓடி வந்து அவன் காலைத் தொட்டாள்.

"எழுதினதைவிட நல்லா இருக்கு சார். வாசிக்க வராத மாதிரி நடிச்சீங்களே, இதையே வெச்சுக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அந்தக் கைதட்டலும் இல்லாமல் போகும். வாயை மூடிக்கொண்டேன்.

படம் வந்தது. குரோம்பேட்டை தியேட்டரில் அந்த இடத்தில் ஜனங்கள் அழுதார்கள். போன வாரம் இன்னொரு இயக்குநர் போன் செய்தார். ஊதினால் சத்தம் வராத கிழவர் வேஷம், அதே மாதிரி செய்து தர வேண்டுமாம். போகாதே, அசிங்கம் என்று கத்தினேன். முத்து சாக்ஸபோனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போவாம? இத்த கையில புடிச்சிக்கினு நிக்க என்னை வேற எவன்டா கூப்புடறான்?"

வெள்ளிக்கிழமை ஷூட்டிங். நான்தான் கூட்டிப் போகிறேன்.