பேட்டரி இல்லாத கடிகாரம்

என் மேசைமேல் ஒரு மின்சாரக் கடிகாரம் இருக்கிறது. கறுப்புப் பெட்டி, சிவப்பு எண்கள், உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. கரண்ட் போனாலும் நேரத்தை மறக்காமல் இருப்பதற்காக அதன் முதுகில் ஒரு பேட்டரிக் குழி உண்டு. அந்தக் குழியை நான் காலியாகவே வைத்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அது பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு கண் சிமிட்டத் தொடங்கிவிடும். “ஒரு பேட்டரி வாங்கிப் போட்டால் குறைந்தா போய்விடுவாய்?” என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. இதே மாதிரி ஒரு கடிகாரம், இதே மாதிரி காலிக் குழியோடு, நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி கொண்டுபோகும் ஒரு கன்வேயரின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒயர்மேன் அண்ணன்.

அப்போது எனக்கு முப்பது வயது நடந்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் உடம்பு சரியில்லாமல் போனதால் திரும்பி வந்திருந்தேன். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். கன்வேயர் மோட்டார்களின் சூட்டையும் அதிர்வையும் அளந்து சொல்லும் கணினிப் பெட்டிகளைப் பராமரிப்பது எங்கள் தொழில். நான் அவற்றுக்கு டிரைவர் எழுதினேன், அதாவது வன்பொருளோடு நேராகப் பேசும் நிரலை. “எம் பொண்ணு டிரைவர்” என்று அப்பா பிளாக் முழுக்கச் சொல்லிவைக்க, எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பஸ்ஸா லாரியா என்று உண்மையாகவே விசாரித்தார்.

நான் எழுதியதிலேயே எனக்குப் பெருமையான நிரல் ஒன்று உண்டு. பெட்டியை இயக்கும் லினக்ஸின் கருவான கெர்னலின் அடிமட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பெட்டி ஏன் நின்றுபோய்த் திரும்ப எழுந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லும் பிழைதேடும் டிரைவர் அது. சிப்புக்குள் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். வரிசையாக எட்டு விளக்குகள் உள்ள ஒரு சின்னப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி சாகும்போது, ஏன் செத்தோம் என்பதற்கு ஒரு விளக்கை எரியவிட்டுச் சாகும். மூன்றாவது விளக்கு எரிந்தால் மின்சாரம் தடைப்பட்டது, ஐந்தாவது எரிந்தால் நிரல் உறைந்துபோனது. நிரல் உறைந்தால் பெட்டியைத் தானாகவே தட்டி எழுப்புவதற்கென்று உள்ளே ஒரு காவல் கடிகாரமும் உண்டு. எந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்பதை முடிவு செய்வது, சிப்பைப் பொருத்திய போர்டைத் தயாரிக்கும் கம்பெனி. எங்கள் முதல் தொகுதி போர்டுகளுக்கு அந்தப் பட்டியலை மனப்பாடமாகவே வைத்திருந்தேன்.

அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியின் போர்டுகள் வந்தன. மேலே அச்சிட்டிருந்த சிப்பின் பெயர் ஒன்றுதான். என் டிரைவரைப் போட்டுப் பார்த்தேன், முனகாமல் ஓடியது, எண்கள் வந்தன. கூடவே வந்த நானூறு பக்கக் கையேட்டை அலமாரியில் வைத்தேன். அதைப் பிரிக்கக்கூட இல்லை என்பதை இன்றைக்குச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

புதுப் பெட்டி மாட்டிய அறை ஒயர்மேன் அண்ணனின் பொறுப்பில் இருந்தது. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். ஐ.டி.ஐ. முடித்தவர். சட்டைப்பையில் டெஸ்டரும் சீப்பும் சேர்ந்தே இருக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். எட்டு வருஷமாக ஒப்பந்தம். பெர்மனென்ட் ஆகும் வரிசையில் பெயர் மேலே வர வேண்டுமானால் வேலையில் இடைவெளி விழக்கூடாது என்று அங்கே எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். இவர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்தார் என்று கேன்டீனில் கேலி செய்வார்கள்.

அந்த அறையில் புதுப் பெட்டி அடிக்கடி செத்துச் செத்து எழுந்தது. பெட்டி எழுந்து சுதாரிக்கும்வரை கன்வேயரும் நிற்கும். முதல் தடவை நான் போய் டிரைவரைக் கேட்டேன். மூன்றாவது விளக்கு, மின்தடை. அப்படியே ரிப்போர்ட் எழுதினேன். அண்ணன் எல்லா முனைகளையும் கழற்றி இறுக்கினார். இரண்டாவது தடவையும் அதே பதில் வந்தது. அவர் கேபிளையே மாற்றினார். மூன்றாவது தடவை நான் போனபோது அவர் பேனலுக்கு மேலே கை காட்டினார். அங்கே அந்தக் கடிகாரம்.

“மேடம், ஒங்க பெட்டி எந்த லைனுல ஓடுதோ அதே லைனுலதாங்க இதுவும் ஓடிக்கினு இருக்குது. கரண்டு போச்சின்னா பன்னண்டுக்கு வந்து நின்னுக்கினு கண்ணடிக்கும். காலையில நான் வெச்ச டைமு, இன்னும் ஓடிக்கினு இருக்குது பாருங்க. அப்ப கரண்டு எங்கங்க போச்சி?”

“அண்ணே, இது பேட்டரில ஓடும்.”

“பேட்டரிய நான்தாங்க கழட்டி வெச்சேன். அதுக்குன்னே வூட்டுலேர்ந்து எடுத்துக்கினு வந்தேன்.”

நான் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனால் சிரித்தேன். கண்ணிமைக்கும் நேரத்துக்கு மின்சாரம் குறைந்தால்கூட என் பெட்டி கண்டுபிடித்துவிடும், உங்கள் கடிகாரத்துக்கு அதெல்லாம் தெரியாது என்று விளக்கினேன். சிப்புக்கு உள்ளேயிருந்து வரும் பதிலைவிட, பஜாரில் வாங்கிய கடிகாரமா பெரிது என்பது என் நினைப்பு. அவர் டெஸ்டரை எடுத்து மறுபடி பையில் செருகிக்கொண்டார். நான் மூன்றாவது ரிப்போர்ட்டையும் எழுதினேன், இந்தத் தடவை “வயரிங் பராமரிப்பில் குறை” என்ற சொற்களையும் சேர்த்து.

மூன்று ரிப்போர்ட்டும் ஒரே குரலில் பேசினால் யார்தான் என்ன செய்வார்கள்? அந்தப் பகுதியின் இன்ஜினியர் சார் அவற்றை ஒப்பந்தக்காரருக்கு அனுப்பி விளக்கம் கேட்டார். ஒப்பந்தக்காரர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்த மாதம் ஒயர்மேன் அண்ணனின் கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம், ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை விழவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது அவர் இடத்தில் வேறு ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அது, தப்பு செய்தவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டதே என்ற வருத்தம். என்மேல் சந்தேகம் ஒரு துளியும் இல்லை.

பிறகு ஒரு மதியம். நான் அந்த அறையில் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணெதிரே பெட்டி செத்தது. வெளியே கன்வேயரின் இரைச்சல் அடங்கியது. திரையில் டிரைவர் வழக்கம்போலச் சொன்னது: மின்தடை. நான் தலையைத் தூக்கினேன். கடிகாரத்தில் மூன்று நாற்பத்தேழு. பார்த்துக்கொண்டே இருந்தேன், மூன்று நாற்பத்தெட்டு ஆயிற்று.

புது ஒயர்மேனைக் கூப்பிட்டு, பெட்டிக்கும் கடிகாரத்துக்குமான சுவிட்சை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அணைத்துப் போடச் சொன்னேன். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போய்க் கண்ணடித்தது. என் பெட்டி ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம், மூன்று தடவையும் அதேதான். மின்சாரம் ஒரு நொடி இடறினால் முதலில் கண்டுபிடிப்பது அந்தக் கடிகாரம்தான், என் பெட்டி இல்லை. அவர் சொன்னபோது இதைச் செய்து பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

மந்தாரக்குப்பம் மாடிக்கு ஓடிப்போய்க் கையேட்டைப் பிரித்தேன். இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் இருந்தது. இந்தக் கம்பெனிக்காரர்கள் விளக்குகளை இடம் மாற்றி வைத்திருந்தார்கள். இவர்கள் போர்டில் மூன்றாவது விளக்கு எரிந்தால் மின்தடை இல்லை; நிரல் உறைந்து, காவல் கடிகாரம் தட்டி எழுப்பியது என்று அர்த்தம். உறைந்தது யாருடைய நிரல்? எங்கள் கம்பெனியுடையது. எங்கள் குற்றத்தைத்தான் மூன்று தடவை அவர் வயரின் தலையில் கட்டியிருந்தேன்.

டிரைவரைத் திருத்துவது ஒரு வேலையே இல்லை. எந்தக் கம்பெனியின் போர்டு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குரிய பட்டியலை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான்கு வரி; இரண்டாவது பட்டியலுக்கு ஒரு பக்கம். திருத்தத்துக்குத் தலைப்பாக, எங்கள் தொழிலில் எல்லாரும் எழுதுவது போலவே ஆங்கிலத்தில் எழுதினேன்: “புதிய போர்டின் ரிஜிஸ்டர் அமைப்பைப் படிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.” முதலாளி அதைப் படித்துவிட்டு முதுகில் தட்டாத குறை. நிரல் உறைவதையும் சத்தமில்லாமல் சரிசெய்தோம். “பழைய ரிப்போர்ட்ட எதுக்கும்மா கெளறணும்? இப்ப ஓடுதுல்ல, விடு” என்றார் முதலாளி. விட்டேன். பன்னிரண்டு நாள் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

பலாப்பழச் சமயம். அம்மாவுக்குப் பழம் வாங்கப் பண்ருட்டி போயிருந்தவள், பஸ் ஸ்டாண்டில் ஒயர்மேன் அண்ணனைப் பார்த்தேன். ஒரு முந்திரி ஆலையில் தற்காலிகமாக வயரிங் வேலை செய்துகொண்டிருந்தார். கையில் முந்திரிப்பாலின் கறை. அவரே சிரித்துக்கொண்டு வந்து, “நல்லாருக்கீங்களா மேடம், அப்பாவுக்கு ஒடம்பு தேவலையா?” என்று கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். கடிகாரம் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, டிரைவரைத் திருத்தியும்விட்டேன் என்றேன். போனில் அந்தத் திருத்தத்தைக்கூடக் காட்டினேன். அவர் அந்த ஆங்கில வரியை விரல் வைத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

“புதுசா சேத்துக்கிறோம்னு போட்டுருக்குதுங்க.”

“ஆமாண்ணே.”

“தப்பா இருந்துச்சின்னு எங்கங்க போட்டுருக்குது?”

கோபமாகக் கேட்கவில்லை. நான் ஏதோ இடத்தைக் காட்டுவேன், அங்கே இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். அது எங்கேயும் இல்லை. “என் பேரு அந்த மூணு காயிதத்துல இன்னும் அப்படியேதான் இருக்குதுங்க” என்றார். பிறகு அவருடைய பஸ் வந்தது.

அன்று சாயங்காலமே எழுதினேன். மூன்று ரிப்போர்ட்டுகளின் தேதியையும் போட்டு, மூன்றும் தவறு என்றேன். புதுப் போர்டின் அமைப்பைப் படிக்காமல் பழையதை வைத்துப் பதில் சொன்னது நான், உறைந்தது எங்கள் நிரல், வயரிங்கில் குறையே இல்லை, ஒயர்மேன் இதை அப்போதே சுட்டிக்காட்டினார், நான் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, முதலாளியைக் கேட்காமலே இன்ஜினியர் சாரிடம் நேரில் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இத எழுதினதுக்கு ஒங்களுக்கு வேல போகும், தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். முதலாளி என்னை வெளியே போகச் சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு மாதம் தாங்கிப் பார்த்துவிட்டு நானே விலகினேன்.

அண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. அவர் வெளியே இருந்தது நாற்பத்தோரு நாள். அதை இடைவெளியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இன்ஜினியர் சார் குறிப்பு எழுதி அனுப்பினார். அந்தக் குறிப்பு ஒப்பந்தக்காரரின் எந்தக் கட்டுக்குள் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. விடைபெறப் போனபோது அந்த அறைக்குப் போனேன். அவர் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க மேடம், எழுதிக் குடுத்துட்டீங்கல்ல” என்றார். திரும்பும் வழியில் மந்தாரக்குப்பம் பஜாரில் அதே மாதிரிக் கடிகாரத்தைத் தேடி வாங்கினேன். கடைக்காரர் இலவசமாகப் போட்டுக்கொடுத்த பேட்டரியை பஸ்ஸிலேயே கழற்றினேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். இன்னும் டிரைவர்தான் எழுதுகிறேன். தனக்குத் தெரியாத கம்பெனியின் போர்டில் போட்டால், “இதன் அமைப்பு எனக்குத் தெரியாது” என்று ஒரு வரி சொல்லிவிட்டு என் நிரல் சும்மா இருந்துவிடும். குத்துமதிப்பாகவாவது ஒரு பதில் சொன்னால் என்ன என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்பார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. முசுடு என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் போனில் பேசினார். பெர்மனென்ட் பட்டியல் வந்துவிட்டதாம். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது. “நடுவுல ஒரு கேப்பு இருக்குதுன்னு சொல்றாங்க. அடுத்த தபா பாக்கலாம்னுட்டாங்க” என்றார், ஏதோ மழையைப் பற்றிச் சொல்வது போல. “ஆங்க, மேடம், அந்தக் கெடியாரம் இன்னும் ஓடிக்கினு இருக்குதுங்க” என்று அவராகவே பேச்சை மாற்றினார். என் டிரைவர் நான்கு வரியில் திருந்திவிட்டது. அவருடைய நாற்பத்தோரு நாளைத் திருத்த ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

இன்று காலையிலும் கரண்ட் போய் வந்தது. கடிகாரம் பன்னிரண்டில் நின்றுகொண்டு கண்ணடித்தது. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் சரியான நேரத்தை வைத்தேன்.