கண்ணுக்குள் ஒரு கிளை

கடல் தண்ணீர் கலக்கும் ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது என் பிழைப்பு. வலது கண் சிவந்து நீர் வடிந்தபோது, உப்புத் தண்ணீர் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் சிவப்பு முதலில் குறைந்தது. பிறகு பார்வையே மங்கியது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசியது.

என் வீட்டுக்காரர் எங்கள் தீவான பசியாவரத்திலிருந்து படகில் கரை சேர்த்து, பஸ்ஸில் பொன்னேரிக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் இளம்பெண். கண்ணில் ஏதோ சாயம் தொட்டு, நீல வெளிச்சம் அடித்துக் கருவி வழியே பார்த்தார்.

“இப்ப கிட்டத்துல காய்ச்சல் வந்து, உதட்டுல கொப்புளம் போட்டுச்சாம்மா?”

போட்டிருந்தது. உதட்டுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

என் வீட்டுக்காரரால் சும்மா இருக்க முடியவில்லை. “நானும் பாக்கலாமா டாக்டரம்மா?” என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டார்.

“இன்னாமே இது! கண்ணுக்குள்ள பச்சையா, கெள கெளயா மரம் கணக்கா கீது!”

“ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்னு ஒரு வைரஸ், அது பண்ண புண்ணு. உதட்டுக் கொப்புளமும் அதோட வேலைதான். அக்கி வருதுல்ல, அந்த வைரஸுக்குச் சொந்தக்காரன்” என்றார் டாக்டர். நான் கொண்டுபோன சொட்டு மருந்தைப் பார்த்துத் தலையசைத்தார். அதிலிருந்த ஸ்டீராய்டு புண்ணை இன்னும் பரவ விட்டிருந்தது.

அதை உடனே நிறுத்தச் சொல்லி, அசைக்ளோவிர் களிம்பு எழுதிக்கொடுத்தார். பகலில் ஐந்து வேளை இமைக்குள் வைக்க வேண்டும். வலி போனதும் நிறுத்தக் கூடாது. அவர் சொல்லும்வரை ஏரியில் இறங்கக் கூடாது.

“இதோட அந்த வைரஸ் செத்துப்பூடுமா?” என்று கேட்டேன்.

“சாகாதும்மா. அது பெருகுறதைத்தான் மருந்து தடுக்கும். மிச்சம் நரம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கும். தூங்குறதை மருந்து ஒண்ணும் பண்ணாது.”

படகில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். “எப்போ முழிச்சிக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?”

எனக்கும் அதே கேள்விதான்.

களிம்பு வைத்தவுடன் சற்று நேரம் எல்லாம் புகைமூட்டமாகத் தெரியும். அப்போதெல்லாம் அவர்தான் குழம்பைக் கிளறினார். மெல்ல மெல்ல கூச்சம் போனது. மறுபடி போனபோது புண் ஆறியிருந்தது. அதை எழுப்புவது எது என்று மறக்காமல் டாக்டரிடம் கேட்டேன்.

“காய்ச்சல், கடும் வெயில், உடம்பு அசதி, இதுல எதுனா எழுப்பலாம். சில பேருக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு முழுசாத் தெரியாதும்மா.”

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“இனிமே ஏரியில இறங்கலாம். ஆனா கண்ணு சிவந்தா கடைக்குப் போகாதீங்க, நேரா இங்க வாங்க” என்றார். மறுநாள் வெயிலுக்குத் தொப்பியோடு ஏரியில் இறங்கினேன்.