குடுத்து வச்ச மனிசி

உண்மையில் நடந்த தொடர்கொலைகளைப் பற்றிய படமென்றால் எனக்குப் பைத்தியம். கம்பஸ் லீவில் நெளுக்குளம் வீட்டுக்கு வந்தால் முதல் வேலை லப்டொப்பைத் திறப்பதுதான். பேய்ப்படத்துக்கு நான் பயப்படுவதில்லை, பேய் பொய். இந்தக் கொலைகாரன் உண்மையாக இருந்தவன். அயலட்டையோடு சிரித்துக் கதைத்தவன், நாய்க்குச் சோறு வைத்தவன். அந்த முகத்துக்குள் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடுவேன். நடுச்சாமமானாலும் லப்டொப்பை மூட மாட்டேன். ஆள் பிடிபட்டதும் என் சிநேகிதிகள் எழும்பிப் போய்விடுவார்கள். நான் மட்டும் படத்தின் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை இருப்பேன்.

"கம்பசில இதைத்தான் படிப்பிக்கினமோ? உன்னைக் கட்டப்போறவன் பாவம்" என்பா அம்மா.

போன லீவில் ஒரு மத்தியானம் அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. படத்தில் பொலிஸ் கொலைகாரனைக் காட்டுக்குள் கூட்டிப் போனது. அவன் கையை நீட்டி இடம் காட்டினான். தோண்டினார்கள். பிறகு ஓர் அதிகாரி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஒரு தாயின் வாசலில் போய் நின்றார். அந்தத் தாய் அப்படியே நிலத்தில் குந்திக் கத்தினா.

அம்மாவின் கை நின்றது.

"என்னவாம் சொல்லுறான்?"

"மகளைக் கண்டெடுத்திட்டினமாம். அவள்தான் எண்டு உறுதியாம்."

"இடத்தையும் காட்டினவனோ?"

"ஓம் அம்மா."

"குடுத்து வச்ச மனிசி."

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் பகிடியில்லை.

அண்ணாவை நாங்கள் முள்ளிவாய்க்காலில் தவறவிட்டபோது நான் சின்னப்பிள்ளை. யார் கொண்டுபோனது, எங்கே வைத்திருக்கிறார்கள், இருக்கிறாரா என்று இன்றுவரை ஒருவரும் எங்கள் வாசலில் வந்து நின்று சொன்னதில்லை. வீட்டில் அவரைப் பற்றி "பாடுவான்", "சிரிப்பான்" என்றுதான் கதைக்கலாம். ஒருமுறை நான் வாய்தவறி "அண்ணா நல்லாப் பாடினவர்" என்றதற்கு, அம்மா அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

எழுத்து ஓடி முடியும்வரை இருந்து நான் இவ்வளவு காலமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். பிறகு விட்டுவிட்டேன்.

"கொலைப்படமெண்டா அவனுக்கும் நல்ல விருப்பம்" என்றா அம்மா. இருந்ததா, இருக்கிறதா என்று சொல்லத் தேவையில்லாத வசனம். அப்படியான வசனங்களைத்தான் அம்மா தேடி எடுப்பா.

"நிப்பாட்டட்டோ அம்மா?"

சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையைக் கிட்ட இழுத்தா.

"வேண்டாம் பிள்ளை. அந்தப் பொலிஸ்காரன் வாற இடத்தை இன்னொருக்காப் போடு."

பின்னுக்கு இழுத்துவிட்டேன். அதிகாரி மறுபடியும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.