அக்டோபருக்குத் தள்ளிப்போட்ட கறுப்பு

துறைமுகத்திலிருந்து மலையேறி வரும் பேருந்து நின்றதும், இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது செவஸ்தியைத்தான். பூப்போட்ட தலைத்துணி, பின்னல் வேலை செய்த சட்டை, மார்பில் பொற்காசு மாலை. பழைய உடுப்போடு நடமாடும் பெண்கள் ஊரில் இன்னமும் சிலர் உண்டு. ஆனால் கேமராவைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நிற்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

"ராணியம்மா, பாத்து! இடுப்பு சுளுக்கிக்கப் போகுது!" என்று எதிர்க்கடை ரிகோபூலா கத்துவாள்.

"சுளுக்கினா நீதானே நீவி விடணும்!" என்பாள் இவள்.

படம் எடுத்தவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். அவள் கடையில் ஒரு புட்டி தேனாவது வாங்குவார்கள். கணவன் மினாஸ் முதுகு போய்ப் படுத்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கோடை வியாபாரத்தில்தான்.

அதனால்தான் ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து தொலைபேசி வந்தபோது செவஸ்தி அழவில்லை. நாட்காட்டியைப் பார்த்தாள். அங்கே குடியேறியிருந்த அண்ணன் நிகிதாஸ் இறந்துவிட்டான். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக இருந்து அவளைக் கட்டிக்கொடுத்தவன். கூடப்பிறந்தவன் போனால் பூத்துணியைப் பெட்டியில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் கறுப்பு உடுத்த வேண்டும். புருஷனை இழந்து கறுப்புக்கு மாறிய ரிகோபூலாவைச் சுற்றுலாக்காரர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அண்ணன் இருந்த ஊரில் நம்மூர்க்காரர் வேறு யாரும் கிடையாது. சேதி இந்த வீட்டைத் தாண்டாது.

"அக்டோபர்ல கடைசி டூரிஸ்ட் பஸ் போகட்டும். அப்புறம் சொல்லி அழுதுக்கலாம்" என்றாள். மினாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒருநாள் ஒரு ஜெர்மன் தம்பதிக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தபோது, பேருந்திலிருந்து கறுப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக ஒருத்தி இறங்கி வந்தாள்.

"அத்தை?"

அண்ணன் மகள் கலியோப்பி. போட்டோவில் மட்டும் பார்த்த முகம், அண்ணனின் அதே தடித்த புருவம். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். செவஸ்தியின் சிரிப்பு முகத்தை விட்டு இறங்க மறுத்தது.

அந்தப் பெண் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கூச்சத்தோடு தன் சட்டையை இழுத்துவிட்டுக் கொண்டாள்.

"நான்தான் தப்பா உடுத்திட்டு வந்துட்டேனா அத்தை? இப்பல்லாம் இங்க கறுப்பு போடறதில்லையா?"

திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"அப்பா கடைசிவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தார். நான் போனா நம்மூர்ல மணி அடிப்பாங்க, செவஸ்தி பாத்துக்குவான்னு. அடிச்சாங்கல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் புருவத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. செவஸ்தி விறுவிறுவென்று தேவாலயத்துக்கு நடந்து, கயிற்றைப் பிடித்துச் சாவு மணியை அடித்தாள். விட்டு விட்டு, ஒவ்வொன்றாக.

ஊரே வெளியே வந்தது. காபிக்கடையிலிருந்து ஆண்கள் சீட்டும் கையுமாக, வீடுகளிலிருந்து பெண்கள் மாவுக் கையோடு. ஏதோ திருவிழா என்று சுற்றுலாக்காரர்கள் படம்பிடிக்க ஓடி வந்தார்கள். அத்தனை பேர் நடுவில் பூத்துணியும் காசுமாலையுமாக அவள் நின்றாள். அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"யாருடீ? யாரு போனது?" என்று மூச்சிரைக்க வந்தாள் ரிகோபூலா.

"எங்க அண்ணன்."

"ஐயோ, நிகிதாஸா!" ரிகோபூலா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாவி மகளே, கறுப்பு மாத்தக்கூடத் தோணாம அப்படியே ஓடியாந்தியா? எப்ப போனான்? இப்பத்தான் சேதி வந்துச்சா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியோப்பி முன்னால் வந்து நின்றாள்.

"ஜூன்ல" என்றாள் செவஸ்தி.

ரிகோபூலாவின் கைகள் அவளை விட்டு இறங்கின.