கடலுக்குப் பயந்தவளின் டியூப்

பத்தாம் வகுப்போடு நின்ற தையல்காரி எழுத வந்ததே அதிகம். அதிலும் எழுதப்போவது என் பின்பக்கத்தைப் பற்றி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் குடலில் நெடுநாள் அழற்சி. அது வயிற்றோடு நிற்காமல் மலவாசலைச் சுற்றியும் புண், வெடிப்பு, தொங்கு தோல் என்று குடும்பம் நடத்தியது. எனக்கோ நாள் முழுக்க இருந்து தைக்கிற வேலை. மோட்டார் சைக்கிள் டியூபை ஊதிக் கதிரையில் போட்டு அதன்மேல் இருந்தேன். பஸ்ஸிலும் அதுதான்.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகவில்லை. டியூபோடு திரிகிறவளைப் பார்த்து, கடலுக்குப் பயந்துதான் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிவிட்டது.

"தையல் மிசினையும் கட்டிக்கொண்டா மிதக்கப்போறாய்?" என்று ஒருநாள் காலையில் கேட்டுச் சிரித்தாள் தம்பியின் மனைவி, என் மச்சாள்.

"ஓம்" என்றேன். கோழை என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது. கிளினிக் டொக்டர் இளம் பொடியன். அவருக்குக் காட்ட வெட்கப்பட்டு இரண்டு தவணை போகவில்லை. வீட்டிலேயே டெட்டோல் போட்டுக் கழுவி, மிச்சமிருந்த தோலையும் உரித்துக்கொண்டேன். அடுத்த தவணை மறுநாள். அதற்கும் போவதாக இல்லை.

அன்று பின்னேரம் "கடல் வருகுது!" என்று யாரோ கத்தினார்கள். ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. காலையில் சிரித்த மச்சாள் என் கதிரையிலிருந்து டியூபை இழுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.

கடல் வரவில்லை. எல்லோரும் நிலத்தில் இருந்து மூச்சு வாங்கினார்கள். நான் மட்டும் நின்றேன்.

"இரியன் புள்ள. கடல் வராதாம்."

"ஏலாது மச்சாள்."

"இன்னும் பயமா?"

ஓடியதில் புண் வெடித்து உள்பாவாடை நனைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அவள் காதுக்குள் உண்மையைச் சொன்னேன்.

"ஐயோ! இதையா நான் கழுத்தில போட்டன்?"

பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. அடுத்த நிமிடமே எனக்கு ஏழெட்டு வைத்தியர்கள். மூலம் என்றாள் ஒருத்தி. சூடு என்றாள் இன்னொருத்தி. வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னவள் தானே பூசிவிடவும் தயாராக நின்றாள். கடலை எல்லோரும் மறந்துபோனார்கள்.

மச்சாள் டியூபை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள்.

"நாளைக்குக் கிளினிக் எல்லோ? நானும் வாறன். ஊருக்கே தெரிஞ்சு போச்சு, டொக்டருக்கு மட்டும் என்னத்த மறைக்கிற?"

மறுநாள் போனோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சந்தேகப்பட்டு டியூபின் காற்றைத் திறந்துவிட்டான். ஆஸ்பத்திரி வரை நின்றுகொண்டே போனேன். டொக்டர் பார்த்தார். டெட்டோலை நிறுத்தச் சொல்லி, களிம்பு எழுதித் தந்தார்.